ராமநாதபுரம் கடலோர ஊர்கள் ‘நமக்கு நாமே’ நிதியைப் பெறுவது எப்படி?

ஊருணிக்குப் படித்துறை, அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர், இருட்டுத் தெருவுக்கு விளக்கு, வலை பின்னுவதற்கு நிழல் கொட்டகை என்று நம் கடலோர ஊர்கள் கேட்கும் பணிகள் பெரும்பாலும் சில லட்சம் ரூபாய்க்குள் முடிந்துவிடக் கூடியவை. அவற்றுக்கென்றே அரசிடம் நிதித் தலைப்புகள் இருக்கின்றன. இருந்தும், தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை எந்த ஊருக்குப் போனாலும், பலமுறை மனுக் கொடுத்தும் பதில் வரவில்லை என்று வருந்துகிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கையில் உள்ள மனு நகலை வாங்கிப் படித்தால் காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். பணி எந்தச் சர்வே எண்ணில் நடக்க வேண்டும், அந்த நிலம் யாருடையது, கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்காது. ஆகவே மனுவைக் கடைசியில் எழுதுங்கள். அதற்கு முந்தைய வேலையே இங்கு விரிவாகச் சொல்லப்படுகிறது.

எந்த நிதியைக் கேட்பது

ஊர்மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டமே சிறு பணிகளுக்கு மிகப் பொருத்தமானது. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்திட்டம், 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் தொடர்ந்து, 2021-இல் மீண்டும் பழைய பெயரிலேயே ஊரகத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனியாகக் கொண்டுவரப்பட்டது. பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், பெரியபட்டினம், வாலிநோக்கம் போன்ற ஊராட்சிகளில் இருப்பவர்கள் தங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், அதாவது பி.டி.ஓ. என்று நாம் சொல்லும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் செல்ல வேண்டும். ராமேசுவரம், கீழக்கரை, ராமநாதபுரம் நகராட்சிகளில் ஆணையரும், தொண்டி, மண்டபம் போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலரும் மனுவைப் பெறுவார்கள்.

ஊரகப் பகுதியில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும் என்பது பொது விதி. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு இது ஐந்தில் ஒரு பங்கு. ஆறு லட்சம் ரூபாய்ப் பணி என்றால் முதல் வகையில் ரூ.2,00,000, இரண்டாம் வகையில் ரூ.1,20,000 திரட்ட வேண்டியிருக்கும். 160 குடும்பங்கள் உள்ள ஊரில் முதல் தொகை வீட்டுக்குச் சராசரியாக ரூ.1,250 ஆகிறது. மக்கள் பங்களிப்புப் பாதியைத் தாண்டினால், டெண்டருக்கு விடாமல் பங்களிப்பாளரே பணியை எடுத்துச் செய்யவும் இத்திட்டத்தில் வழி உண்டு. ஊரில் நல்ல கொத்தனாரும் கணக்கு வைக்கத் தெரிந்தவரும் இருந்தால் இதைத் தீவிரமாக யோசிக்கலாம். நான் பார்த்தவரை, சொந்தக் கையால் செய்த வேலையின் தரம் தனியாகத் தெரியும். ஆனால் அதற்கேற்ற பணமும் உழைப்பும் இல்லாத ஊர் இதில் இறங்கினால் பாதியில் நின்றுவிடும்.

பங்களிப்புத் தர இயலாத ஊர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.3 கோடி என 2019-இல் உயர்த்தப்பட்டது. மக்களவை உறுப்பினருக்கு ஆண்டுக்கு ரூ.5 கோடி. இரண்டுக்கும் ஊர்ப் பணம் தேவையில்லை. ஆனால் ஒரு தொகுதியில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போட்டி எவ்வளவு என்பது விளங்கும். மீன் ஏலக்கூடம், உலர்தளம், வலை பின்னும் கூடம் போன்ற தொழில் சார்ந்த பணிகளுக்கு முதலில் மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். 2020-இல் தொடங்கிய, மீன்வளத்துக்கான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா போன்ற திட்டங்கள் அந்தத் துறையின் வழியாகவே வருகின்றன. மீன்துறை செய்து தரக்கூடிய பணிக்கு ஊரார் பணம் போட வேண்டியதில்லை.

நிலத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நம் கடற்கரையில் மனுக்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் நிலம்தான் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, நீங்கள் நினைக்கும் இடத்தின் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலத்தின் வகையும் உரிமையும் எழுதப்பட்டுள்ள அ-பதிவேட்டின் விவரமும் புல வரைபடமும் வருவாய்த்துறையின் இணையச் சேவையிலும் கிடைக்கின்றன. இடம் நத்தமா (குடியிருப்பு நிலம்), சாலைப் புறம்போக்கா, ஊருணியா, கடல் புறம்போக்கா, யாரேனும் ஒருவரின் பட்டாவா என்பது அந்தப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே. மூன்று தலைமுறையாக ஊரார் கூடி வலை காயவைத்த இடம் பதிவேட்டில் தனியார் பட்டாவாக இருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் உரிமையாளர் அதை ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும்; வாய்ச்சொல்லையோ வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதத்தையோ நம்பி அரசு பணம் ஒதுக்காது.

பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஆகியவற்றின் வளாகத்துக்குள் இந்த நிதியில் எதையும் கட்ட முடியாது. நம் ஊர்களில் பொதுக் காரியங்கள் பெரும்பாலும் ஜமாஅத்தோ ஊர்க் கமிட்டியோ பங்குப் பேரவையோ முன்னின்று நடத்துபவை என்பதால், இடமும் அவர்களுடையதாகவே அமைந்துவிடுகிறது. ஊருணி ஒன்று வக்ஃபு சொத்தாகவோ அறநிலையத்துறைக்கு உட்பட்ட கோயில் நிலமாகவோ பதிவாகியிருந்தால், நிர்வாகிகள் முழு மனத்தோடு விரும்பினாலும் அதை ஊராட்சிக்கு எளிதில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்த நிலையில் வேறு பணியையோ வேறு இடத்தையோ தேர்ந்தெடுப்பதே நல்லது. ஜமாஅத்தும் கமிட்டியும் பங்களிப்பைத் திரட்டித் தருவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. உயர் அலைக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் புதிய கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரையில் 200 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி. இதைக் கேட்டவுடன் கடற்கரையில் ஒன்றுமே செய்ய முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது சரியன்று. மீன் உலர்தளம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம், பாரம்பரியப் படகு கட்டும் இடம் போன்று உள்ளூர் மீனவருக்குத் தேவையானவற்றையும், உள்ளூர் மக்களுக்கான பள்ளி, மருந்தகம், பொதுக் கழிப்பறை, சாலை, குடிநீர், வடிகால் வசதிகளையும் உரிய அனுமதியோடு செய்யலாம் என்று அதே அறிவிக்கை இடம் தருகிறது. மாவட்ட அளவில் இதற்கான குழு ஆட்சியர் தலைமையில் செயல்படுகிறது. எனவே மனுவில் “கடற்கரையில் கூடம்” என்று பொதுவாக எழுதாமல், “உள்ளூர் மீனவர்கள் வலை பின்னுவதற்கான திறந்த கொட்டகை” என்று பயன்பாட்டைத் தெளிவாக எழுதுங்கள். எந்தச் சொல்லில் எழுதுகிறீர்களோ அந்தச் சொல்லைப் பார்த்தே கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவாகும்.

அலையாத்தி மரங்கள் நிற்கும் இடத்தை மட்டும் தொடவே வேண்டாம். காரங்காடு போன்ற சதுப்புக் கரையோரங்களில் அந்தக் காடு மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வருகிறது; சட்டம் ஒருபுறம் இருக்க, புயல் காலத்தில் கரையைக் காப்பதும் இறால், நண்டுக் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான்.

பணியைத் தேர்ந்தெடுத்தல்

ஊருணியைத் தூர்வார வேண்டும் என்பது நம் மாவட்டத்தின் மிகப் பழைய, மிக நியாயமான கோரிக்கை. ஆனால் கடலுக்கு அருகில் உள்ள ஊருணியில் ஒரு தனிக் கவனம் தேவை. மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் என்பது மழையில் ஊறி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் மெல்லிய அடுக்காக நிற்பதுதான். கொள்ளளவைக் கூட்டுவதாக நினைத்து அளவுக்கு மீறி ஆழப்படுத்தினால் உப்பு மேலேறிவிடும். களிமண் படுகை உள்ள ஊருணியாக இருந்தால், படுகை உடைந்து தேங்கிய நீர் இறங்கிப்போகும். ஆகவே பொறியாளர் அளவெடுக்க வருவதற்கு முன்பே, கோடையில் நீர் வற்றியிருக்கும்போது நான்கு மூலையிலும் சிறு குழி தோண்டி, எந்த ஆழத்தில் களி வருகிறது, எந்த ஆழத்தில் ஊறும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஊருணிக்குள் முதன்முதலில் மண் எடுத்த காலத்தை அறிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் சென்று கேளுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டி, ஆழத்தைக் குறைத்துப் பரப்பையும் கரையையும், மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலையும் சீர்செய்யும்படி மதிப்பீட்டை அமைக்கச் சொல்லுங்கள். வரத்துக்காலில் சீமைக் கருவேலம் மண்டி, நடுவில் யாரோ ஒருவரின் வேலி நிற்கும்போது ஊருணியை மட்டும் வெட்டுவதால் ஒரு மழைக்குக் கூடத் தண்ணீர் வந்து சேராது.

கட்டுமானப் பணியாக இருந்தால் உப்புக் காற்று முதல் எதிரி. கடற்கரையில் போட்ட கான்கிரீட் தூணில் சில ஆண்டுகளிலேயே கம்பி துருத்தித் தெரிவதையும், விளக்குக் கம்பம் அடியில் துருப்பிடித்து உதிர்வதையும் நாம் தினமும் பார்க்கிறோம். கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் கடுமையான பிரிவில் வைத்து, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரமும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்கிறது. அலைத்துளி நேரடியாகப் படும் இடத்துக்கு எம்-35 தரமும் 50 மில்லிமீட்டரும். உள்நாட்டுக் கிராமத்துக்குப் போட்ட மதிப்பீட்டை அப்படியே நகலெடுத்தால் இந்த வேறுபாடு விடுபட்டுப் போகும். இதை மதிப்பீடு தயாராகும் நாளிலேயே ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டு விடுங்கள். பணி தொடங்கிய பின் கேட்டால் தொகை போதாது என்ற பதிலே வரும். கலவைக்கும் நீராற்றுவதற்கும் உப்புநீரைப் பயன்படுத்தக் கூடாது, கடல் மணலைக் கலக்கக் கூடாது என்பவற்றையும் அப்போதே சொல்லி, நல்ல தண்ணீர் லாரிக்கான செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தீர்மானம்

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் பணி தீர்மானமாக வேண்டும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூட வேண்டும் என்பது 2022 முதல் உள்ள ஏற்பாடு. கூட்டத்துக்குப் போதிய மக்கள் வராவிட்டால் தீர்மானம் செல்லாது. 501 முதல் 3,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை உள்ளதில் 200 பேரும் வர வேண்டும். கடலுக்குப் போகும் நாளில் ஆண்கள் வர இயலாது என்பதால் பெண்கள் குழுக்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது மிக அவசியம். ஊருணித் தண்ணீரும் தெருவிளக்கும் அவர்கள் அன்றாடம் படும் பாடு. கூட்டத்தில் அவர்கள் பேசும்போது கோரிக்கைக்கு வலு கூடுவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். தீர்மானத்தின் தேவை அதனால் குறைவதில்லை.

தீர்மானத்தின் வாசகம் பின்வருமாறு இருந்தால் பிறகு ஐயம் எழாது: “இவ்வூராட்சி, இன்ன குக்கிராமம், சர்வே எண் இன்னதில் உள்ள ஊருணியின் கரையைப் பலப்படுத்தி, தென்புறம் படித்துறை அமைக்கும் பணியை நமக்கு நாமே திட்டத்தின்கீழ் எடுத்துச் செய்யவும், மதிப்பீட்டில் மக்கள் பங்களிப்பாக உரிய தொகையைச் செலுத்தவும், பணி முடிந்தபின் பராமரிப்பை ஊராட்சி ஏற்றுக்கொள்ளவும் இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.” தீர்மான எண்ணும் தேதியும் உள்ள கையொப்பமிட்ட நகலை அன்றைக்கோ அடுத்த சில நாள்களிலோ வாங்கிவிடுங்கள்.

பணம் திரட்டுதல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த நாள்களில் பங்குத் தொகை கேட்டு வீட்டுக் கதவைத் தட்டுவது ஊருக்குள் கசப்பைத்தான் வளர்க்கும். தை, மாசி மாதங்களிலேயே திரட்டத் தொடங்குவது நல்லது. மீன் ஏலத்தில் ஊர்ப் பொதுவுக்கென்று ஒரு பங்கை மகமையாகப் பிடிக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் அதிலிருந்தே ஒரு பகுதியை ஒதுக்கலாம். நாட்டுப்படகு வைத்திருப்பவரும் கூலிக்குப் போகிறவரும் ஒரே தொகை தர வேண்டும் என்று விதிக்காமல், விதவையர் வீடுகளுக்கும் நோயாளி இருக்கும் வீடுகளுக்கும் விலக்குக் கொடுத்து, வசதி உள்ளவர்கள் கூடுதலாகத் தருவதே நம் ஊர்களின் பழைய முறை. அதை மாற்ற வேண்டாம்.

இருவர் அல்லது மூவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு வேண்டும். தனி ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பின்னாளில் அவருக்கே சங்கடமாக முடியும். ஊர்ச் சங்கத்தைப் பதிவு செய்ய நினைத்தால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தாலே போதும்.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பகுதிகளிலிருந்து வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊருக்கு மனமுவந்து தருகிறார்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பும் பணத்தில் சிக்கல் இல்லை. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், சங்கத்துக்குத் தரும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வந்துவிடும். அதற்குரிய பதிவோ அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. அன்போடு தருகிறவரிடம் இதை முன்பே விளக்கிவிடுவது இருவருக்கும் நல்லது.

மனுவும் அதன் பிறகும்

இவ்வளவும் கையில் வந்தபிறகு மனு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பணியின் பெயர், சர்வே எண், பயனடையும் குடும்பங்கள், மக்கள் செலுத்தத் தயாராக உள்ள தொகை, பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றை எழுதி, தீர்மான நகல், நில ஆவணம், இடத்தின் புகைப்படங்கள், பங்களிப்பாளர் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். பங்களிப்பை யார் பெயருக்கு வரைவோலையாக எடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுப் பெற்று, செலுத்தியதும் ரசீது வாங்குங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை பதித்து வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஒன்றியப் பொறியாளர் அளவெடுத்து மதிப்பீடு தயாரிக்க, அது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக ஆட்சியரின் நிர்வாக அனுமதிக்குச் செல்லும். அந்த அனுமதியும் பணி ஆணையும் வருவதற்கு முன்னால் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீர்கள். ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு நிதி கிடைக்காது. மாதக்கணக்கில் தகவல் இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில், முத்திரையிட்ட பிரதியின் நகலோடு கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கோப்பு தற்போது எந்த அலுவலரிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். குற்றம் சாட்டும் நீண்ட கடிதத்தைவிட இந்த ஒற்றைக் கேள்வி கோப்பை வேகமாக நகர்த்தும்.

மண் வேலை என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் முடியும்படி ஒப்பந்ததாரரிடம் வற்புறுத்துங்கள். மழைக்குப் பின் ஈரக்கரையில் செய்த வேலை நிலைக்காது. வேலை நடக்கும் நாள்களில் ஊரார் முறைவைத்து ஒருவர் அங்கே இருந்து, வந்த சிமென்ட் மூட்டை, கம்பியின் அளவு, தண்ணீர் லாரி ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வரட்டும். பொறியாளர் அளவுப் புத்தகத்தில் பதியும்போது அந்த நோட்டோடு உடன் நின்று பார்க்க வேண்டும்.

கடைசிப் பட்டியலுக்குப் பணம் வழங்குவதற்கு முன், பணியின் பெயரும் மதிப்பீடும் மக்கள் பங்களிப்பும் எழுதிய பலகை அங்கே வைக்கப்பட்டிருக்கிறதா, விளக்கு என்றால் மின் இணைப்பு ஊராட்சியின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் பெயரில் வாங்கிய இணைப்பின் கட்டணத்தை ஊராட்சி கட்டாது. சில மாதங்களில் விளக்கு அணைந்துவிடும். கட்டிய சொத்து ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்கி, அடுத்த கிராம சபையில் அதை வாசிக்கச் செய்யுங்கள். வரும் ஆண்டுகளில் கரை உடைந்தாலோ விளக்கு பழுதானாலோ, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் பராமரிப்புச் செலவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு அந்தப் பதிவே ஆதாரம்.